பதினான்காம் நம்பர் ஸ்வெட்டர்

இருபத்துநாலு வருஷமாக ஒரே வேலை, ஒரே அறை, ஒரே முக்காலி. அந்த இல்லத்தில் எல்லோரும் அவளை லாண்டரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மறதி நோய் வந்த வயதானவர்கள் தங்கும் இல்லம் அது. மொத்தம் நாற்பது பேர். அந்த நாற்பது பேரையும் வரிசையாக நிற்க வைத்து யார் யார் என்று கேட்டால் லாண்டரியக்கா திருதிருவென்று முழிப்பாள். ஆனால் அவர்களுடைய துணியில் ஒரு ஓரத்தைக் காட்டினால் போதும், இது ஏழு, இது முப்பத்திரண்டு, இது அந்தப் பிடிவாதக்கார இருபத்தொன்பது என்று படபடவென்று சொல்லிவிடுவாள்.

காரணம் இருக்கிறது. லாண்டரி அறை கட்டடத்தின் பின்பக்கம், சமையலறைக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவில். காலை ஏழு மணிக்கு அழுக்கு மூட்டைகள் வரும். பத்தரை மணிக்குப் பெரியவர்களை எல்லாம் கூடத்தில் உட்கார வைத்துக் கையைத் தூக்கு, காலை நீட்டு என்று பயிற்சி கொடுப்பார்கள். அந்த நேரம் பார்த்து அவள் தள்ளுவண்டியோடு மாடிக்குப் போய், ஆளில்லாத அறைகளில் மடித்த துணியை அலமாரி அலமாரியாக வைத்துவிட்டு, அவர்கள் திரும்புவதற்குள் இறங்கிவிடுவாள். இப்படியே இருபத்துநாலு வருஷம் என்றால் முகம் எங்கே தெரியும்?

அங்கே யாருக்கும் தன் துணி எது என்று தெரியாது. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். கைக்குட்டை முதல் கம்பளி வரை எல்லாவற்றிலும் கழுத்துப்பக்கம் வெள்ளை நாடா வைத்து, அதில் சிவப்பு நூலால் நம்பர் தைத்திருக்க வேண்டும். தைப்பதும் அவள்தான். நம்பர் இல்லாத துணி யாருடைய துணியும் இல்லை, இதுதான் தலைமை நர்ஸின் சட்டம். அப்படிப்பட்டவை மூலையில் இருக்கும் ஓர் அட்டைப்பெட்டிக்குப் போகும். அதற்கு அநாதைப் பெட்டி என்று பெயர்.

துவைக்கும் முன் பைகளைத் துழாவிப் பார்ப்பாள். ரொட்டித் துண்டு இருக்கும், கரண்டி இருக்கும். ஒரு முறை எட்டாம் நம்பரின் சட்டைப் பையில் முழுசாக ஒரு பல்செட். எட்டுக்கோ சொந்தப் பல் அத்தனையும் கெட்டியாக இருந்தது! அது யார் வாய்க்குச் சொந்தம் என்று கண்டுபிடிப்பதற்குள் மூன்று பேர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். ஒருவருடைய மூட்டையில் பட்டன் வைத்த சட்டைகள் குறைந்து, தலைவழியாக மாட்டுகிற சட்டைகள் வரத் தொடங்கினால், அவருக்கு மறதி ஒரு படி முற்றிவிட்டது என்று அர்த்தம். டாக்டருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். யாராவது அவளைக் கேட்டால்தானே!

அவளுக்கு வயது அறுபது. வேலை முடிந்தால் பேருந்து, பேருந்தை விட்டால் ஓர் ஒற்றை அறை. அங்கே பேச ஆள் கிடையாது. அதனால் பேச வேண்டியதை எல்லாம் இங்கேயே, பெரிய மெஷினிடம் பேசித் தீர்த்துவிட்டுப் போவாள். மெஷின் கடகடவென்று சுற்றும்போது எதிரில் முக்காலியில் உட்கார்ந்து அவள் அதிகம் பேசியது ஒரே ஒரு விஷயத்தைத்தான். "இப்படியாடி பண்ணுவே? கூடப் பிறந்தவதானே நான்?" என்று ஆரம்பிக்கும் அந்தப் பேச்சு. வருஷாவருஷம் அதில் ஒரு வரி கூடும், ஒரு வரி குறையும். கேட்க வேண்டியவள் அக்கா.

அக்கா என்றால் பதினொரு வயது மூத்தவள். இவளைத் தூக்கி வளர்த்தவள். இவளுக்கு 'வாலு' என்று பெயர் வைத்தவளும் அவள்தான். அந்தப் பெயர் சொல்லி இவளைக் கூப்பிட்டவர்கள் அம்மாவும் அக்காவும் மட்டும். கல்யாணமாகி இவள் வேறு ஊருக்குப் போனபோது, அங்கே குளிர் அதிகம் என்று அக்கா ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தாள். கடுகு மஞ்சள் நிறம். பின்னும்போது பேச்சுவாக்கில் கணக்குத் தப்பி, இடது கை ஒரு விரற்கடை நீளமாகிவிட்டது. கம்பளி நூல் தீர்ந்துபோனதால் பை ஒரு பக்கம் மட்டும்தான். "ஒரு கைக்குத்தானே பை வேணும், இன்னொரு கையால வேலை செய்!" என்று அக்கா சிரித்தாள்.

புருஷன் நிலைக்கவில்லை. ஒரு குழந்தை உண்டாயிற்று, அதுவும் பிறந்த மறுநாளே போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம் கழித்து அம்மாவைப் பார்க்கலாம் என்று அக்கா வீட்டுக்குப் போனாள். அக்காதான் கதவைத் திறந்தாள். அம்மா போய் நாலு நாள் ஆகியிருந்தது. அடக்கம் எல்லாம் முடிந்திருந்தது. "சொல்லி அனுப்பக்கூடாதா?" என்று கேட்டாள். அக்கா வாயைத் திறக்கவில்லை. "இனிமே நீ எனக்கு அக்கா இல்ல" என்று வாசற்படியிலேயே சொல்லிவிட்டு, மழையில் அந்த ஸ்வெட்டரோடு திரும்பி நடந்தாள். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம், இவள் அந்தப் பக்கம் போகவில்லை, அக்காவும் வரவில்லை. ஸ்வெட்டரை மட்டும் தினமும் போட்டுக்கொண்டாள். கோபம் அக்கா மேல்தானே, ஸ்வெட்டர் என்ன பாவம் செய்தது?

ஒரு திங்கட்கிழமை, புதிதாகச் சேர்ந்த முப்பத்தேழாம் நம்பரின் துணிப்பெட்டி நம்பர் தைப்பதற்காகக் கீழே வந்தது. மகன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனானாம், ஞாயிற்றுக்கிழமைகளில் வருவானாம். ஞாயிறு அவளுக்கு விடுமுறை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள். ஒரே பெயரில் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே ஒரு கைக்குட்டையை எடுத்துப் புரட்டினாள். ஓரம் மடித்துத் தைத்திருந்தது. மூலையில் மட்டும் நாலு தையல் நெருக்கமாக, அப்புறம் ஒன்று தள்ளி. உலகத்தில் அப்படித் தைப்பவள் ஒருத்திதான். முப்பத்தேழு என்று பெட்டியில் இருந்த பதினெட்டுத் துணிகளிலும் தைத்து முடிக்க அன்று முழு நாள் ஆயிற்று.

யாரிடமும் மூச்சு விடவில்லை. தலைமை நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டாள், அதுதான் அவள் குணம். அக்காவே பார்க்கட்டும், அவளே அடையாளம் கண்டு வாலு என்று கூப்பிடட்டும், அவள் வாயால் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கட்டும், அதுவரைக்கும் நான் யாருமில்லை என்று தீர்மானித்துக்கொண்டாள். மறுநாள் தலையை வாரிக்கொண்டு, வேண்டுமென்றே பதினொன்றரைக்கு மேல், ஆட்கள் அறைக்குத் திரும்பிய பிறகு முப்பத்தேழின் கதவைத் தட்டினாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது அக்காதான். ஒரு காலத்தில் நாற்காலி கொள்ளாமல் உட்காருபவள், இப்போது அதில் பாதிகூட நிரம்பவில்லை. "வாங்க, வாங்க," என்றாள் அக்கா. வாங்க! இவளைப் பார்த்து! "துணியா? அங்க வைங்கம்மா. பாவம், எவ்வளவு கனம். உட்காருங்க."

"என்னைத் தெரியுதா?" என்று கேட்டாள் லாண்டரியக்கா.

"தெரியாம என்ன? துணி கொண்டு வர்றவங்க," என்றாள் அக்கா மரியாதையாக. பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளியில எங்க அம்மாவைப் பார்த்தீங்களா? சமையல்கட்டுல இருப்பாங்க. நான் இங்க இருக்கேன்னு சொல்லுங்க," என்றாள்.

படி இறங்கி வந்து கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுதது துக்கத்தில் என்றா நினைக்கிறீர்கள்? ஆத்திரத்தில்! என்ன அநியாயம் இது! அக்காவுக்கு அம்மாவே இன்னும் சாகவில்லை. அம்மா சாகவில்லை என்றால் சண்டையும் இல்லை. அந்த வாசற்படி, அந்த மழை, இருபத்தாறு வருஷம், எல்லாம் இனி இவள் ஒருத்தி தலையில்தான். சண்டை போட்ட இரண்டு பேரில் ஒருத்தி சத்தமில்லாமல் கழன்றுகொண்டாள். "மறந்துட்டுப் போயிட்டியா? ரொம்ப வசதியா போச்சுடி உனக்கு!" என்று மெஷினைப் பார்த்துக் கத்தினாள். அக்கா பின்னிய ஸ்வெட்டரின் நீளக் கையிலேயே மூக்கைத் துடைத்தாள். பிறகு அதைக் கழற்றித் தொட்டியில் போட்டு, கம்பளி பாழாகாமல் கையாலேயே கசக்கி, கொடியில் போட்டாள். இத்தனை ஆத்திரத்திலும் வெந்நீர் ஊற்றவில்லை, அதைக் கவனிக்க வேண்டும்.

மறுநாள் மடித்து அடுக்கும்போது புத்தி எங்கேயோ இருந்தது. இருபத்துநாலு வருஷத்தில் செய்யாத தப்பை அன்று செய்தாள். கொடியில் காய்ந்த தன் ஸ்வெட்டரையும் எடுத்து மடித்து, ஏறக்குறைய அதே மஞ்சளில் ஸ்வெட்டர் வைத்திருக்கும் பதினான்காம் நம்பரின் அடுக்கில் வைத்து மேலே கொண்டுபோய்விட்டாள். சாயங்காலம் வழக்கமாக மாட்டும் ஆணியைப் பார்த்தால் ஸ்வெட்டர் இல்லை. கொடியிலும் இல்லை, அநாதைப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தும் இல்லை. அன்று நடுங்கிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் பத்தரை மணிக்கு அறைகளுக்குப் போகாமல் நேரே கூடத்துக்குத் தேடிப் போனாள். போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பதினாலு என்பவள் ஆறு வருஷமாக அங்கே இருக்கும் ஒரு வயதான அம்மாள். யாரும் வந்து பார்ப்பது கிடையாது. எது கேட்டாலும் "ம்" என்பாள், அதற்கு மேல் வார்த்தை வராது. அதனால் உம்கொட்டியம்மா என்று செல்லப்பெயர். அவள் இவளுடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அக்கா. அந்த நீளமான இடது கையை மடியில் இழுத்து வைத்து, ஒரு விரற்கடை மடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"வாலு! எங்கடி போயிட்டே? எவ்வளவு நேரமா தேடுறேன்!"

"ம்," என்றாள் உம்கொட்டியம்மா.

"கோவமா இருக்கியா?"

"ம்."

"கோவம் இருக்கத்தான் செய்யும்." அக்கா அந்தக் கையை விடவில்லை. "அம்மா கடைசி மூணு நாளும் உன்னைத்தான் கேட்டாங்க. நீ அப்பதான் குழந்தையைப் பறிகொடுத்துட்டுப் படுத்திருந்தே. இதையும் எப்படிடி உங்கிட்ட சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிப் போட்டேன். அதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. நீ வாசல்ல நின்னு கேட்டப்ப வாயே வரல எனக்கு. தப்புதான்டி. நான் பண்ணது தப்புதான். மன்னிச்சிரு வாலு."

"ம்."

அக்கா அப்பாடா என்று பெருமூச்சு விட்டுச் சாய்ந்துகொண்டாள். அந்த நோய் அப்படித்தான். முந்தாநாள் சமையல்கட்டில் இருந்த அம்மா இன்றைக்குச் செத்துப்போயிருந்தாள். நாளைக்கு மறுபடியும் சமையல்கட்டுக்குப் போய்விடலாம். ஸ்வெட்டரைக் கண்டதும் ஏதோ ஒரு கதவு திறந்திருக்கிறது. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு லாண்டரியக்கா நாலடி தள்ளி நின்றாள். இருபத்தாறு வருஷம் காத்திருந்த வார்த்தை. அதைக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று எத்தனை விதமாக யோசித்து வைத்திருந்தாள்! எல்லாவற்றையும் எவளோ ஒருத்தி ஒரே ஒரு 'ம்' போட்டு முடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் இணைபிரியாமல் திரிந்தார்கள். தலைமை நர்ஸே கீழே வந்து சொல்லிவிட்டுப் போனாள். "லாண்டரியக்கா, தெரியுமா? பதினாலு இப்பெல்லாம் தட்டு காலி பண்ணுறாங்க. முப்பத்தேழுதான் ஊட்டி விடுறாங்க. என் தங்கச்சி, என் தங்கச்சின்னு ஒரே கொஞ்சல்!"

"நல்லதாப் போச்சு," என்றாள் லாண்டரியக்கா. நர்ஸ் போனதும் மெஷினிடம், "தங்கச்சியாம், தங்கச்சி!" என்றாள். வயிறு எரிந்தது. அறுபது வயதில், வாய் பேசாத ஒரு கிழவி மேல் பொறாமை. வெளியில் சொன்னால் வெட்கக்கேடு.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினாலின் அழுக்கு மூட்டையில் ஸ்வெட்டர் வந்தது. நாடா இல்லை, நம்பர் இல்லை. என் பொருள், நான் எடுத்துக்கொள்கிறேன், இதில் யார் என்ன சொல்ல முடியும்? கசக்கினாள், காயப்போட்டாள். புதன்கிழமை நர்ஸ் மறுபடியும் வந்தாள். முப்பத்தேழு காலையிலிருந்து ஒவ்வோர் அறைக் கதவாகத் திறந்து, "வாலு இங்க இருக்காளா?" என்று கேட்டுக்கொண்டே நடக்கிறார்களாம். பதினாலு முன்னாலேயே உட்கார்ந்திருக்க, அவளைத் தாண்டிப் போகிறார்களாம். பதினாலு அன்று சாப்பிடவில்லை. லாண்டரியக்கா தலையைக் குனிந்துகொண்டு ஒரு போர்வையை மூன்று தடவை மடித்தாள். ஒரு நாள் பொறுத்துக்கோ அக்கா, நாளைக்கு உன் நிஜத் தங்கச்சியே வருவாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, தள்ளுவண்டி இல்லாமல், வெறுங்கையோடு கூடத்துக்குப் போனாள். அக்கா கூடத்தின் நடுவில் நின்று எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சளைக் கண்டதும் முகம் அப்படியே மலர்ந்தது. கிடுகிடுவென்று வந்து நீளக் கையைப் பிடித்துத் தடவினாள். "வந்துட்டா!" என்றாள். அப்புறம் அக்கா நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

மலர்ந்த முகம் மெல்லக் குழம்பியது. "நீங்க... துணி கொண்டு வர்றவங்கதானே?"

இந்த இல்லத்துக்கு வந்த பிறகு அக்கா புதிதாக யாரையும் நினைவில் வைத்துக்கொண்டதில்லை. தினமும் மாத்திரை கொடுக்கும் நர்ஸையே தினமும் புதிதாகத்தான் விசாரிப்பாள். அப்படிப்பட்ட தலையில் ஒரே ஒரு முகம் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் துணி கொண்டு வருபவளாக.

"அக்கா, நான்தான் வாலு," என்றாள். கூடத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா சிரித்தாள். கேலியான சிரிப்பு இல்லை, வேற்று மனிதர்களிடம் சிரிக்கும் நல்ல சிரிப்பு. "இல்லம்மா. இது எங்க வாலுவோட ஸ்வெட்டர், நானே பின்னினது. இதைப் பாருங்க, கை நீளம்." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உங்களுக்கும் குளிரும், எனக்குத் தெரியுது. ஆனா அவளுக்கு நெஞ்சுல சீக்கிரம் சளி கட்டிரும். சின்ன வயசுலேருந்தே அப்படி. ராத்திரியெல்லாம் இழுக்கும், நான்தான் நிமிர்த்தி உட்கார வச்சுப் பிடிச்சுப்பேன். இது இல்லாம எங்க நின்னு நடுங்குறாளோ! கழட்டிக் கொடுத்துருங்கம்மா. கோவிச்சுக்காதீங்க."

இல்லை என்று சண்டை பிடிக்கலாம். அம்மா பெயரைச் சொல்லலாம், அந்த வாசற்படியைச் சொல்லலாம், கைக்குட்டை மூலையில் இருக்கும் நாலு தையலைச் சொல்லலாம். சொன்னால் இந்த முகம் பயத்தில் சுருங்கும், அவ்வளவுதான் நடக்கும். லாண்டரியக்கா ஒவ்வொரு பட்டனாகக் கழற்றி, ஸ்வெட்டரை அக்கா கையில் கொடுத்தாள்.

அக்கா அதை எடுத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. லாண்டரியக்காவே அவள் முழங்கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் அழைத்துப்போனாள். உம்கொட்டியம்மாவின் கைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மாட்ட உதவினாள். மஞ்சள் உடம்பில் ஏறியதுதான் தாமதம், "அடிப்பாவி, இங்கயா இருக்கே!" என்று அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். கீழேயிருந்து பட்டன் போட்டுக்கொண்டே வந்து கழுத்துவரை இறுக்கினாள்.

"மேல் பட்டன் வேண்டாம்," என்றாள் லாண்டரியக்கா. "கழுத்தை இறுக்கும். வாலுவுக்குப் பிடிக்காது."

அக்காவின் கை நின்றது. திரும்பி இவளை உற்றுப் பார்த்தாள். புருவம் நெரிந்தது, வாய் எதற்கோ திறந்தது. "ஆமா. அவளுக்குப் பிடிக்காது. பிய்ச்சுப் போட்டுருவா," என்றாள் மெதுவாக. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மஞ்சள் கைக்குள்ளிருந்து உம்கொட்டியம்மா அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"துவைக்கிறவளுக்குத் தெரியாதா?" என்றாள் லாண்டரியக்கா.

"அதானே!" என்று சிரித்துவிட்டு அக்கா மேல் பட்டனைக் கழற்றிவிட்டாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்வெட்டர் மூட்டையில் வந்தபோது, அதைக் கசக்கிக் காயப்போட்டு, முக்காலியில் உட்கார்ந்து கழுத்துப்பக்கம் வெள்ளை நாடா வைத்தாள். சிவப்பு நூலால் பதினாலு என்று தைத்தாள். மேல் பட்டனை அறுத்துத் தன் ஊசிப்பெட்டியில் போட்டுக்கொண்டாள். மெஷின் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதனிடம் சொல்ல அன்று ஒன்றும் இல்லை.

வெளியே நல்ல குளிர். பேருந்து நிறுத்தத்தில் இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். வேறு ஒரு ஸ்வெட்டர் வாங்க வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் சளி கட்டிவிடும், நிச்சயம் கட்டிவிடும், ராத்திரியெல்லாம் இழுக்கும். நிமிர்ந்து தானே உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.